ரொனால்ட் ராஸின் இரண்டாவது கண்டுபிடிப்பு

(கீரமங்கலத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆகஸ்டு 20 உலகக் கொசு நாள். 1897ஆம் ஆண்டு அந்தத் தேதியில்தான் செகந்தராபாத்தில் ராணுவ மருத்துவர் ரொனால்ட் ராஸ், மலேரியா நோயாளி ஒருவரின் ரத்தத்தைக் குடித்த கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்து, அதன் சுவரில் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டார். அந்த நோயாளியின் பெயர் உசேன் கான். கடிக்கு ஓரணா அவருக்குக் கூலி. அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவைகளை வைத்துச் சோதித்து, கிருமி கொசுவின் எச்சில் சுரப்பிக்கு வந்து, கடியின் வழியே அடுத்த பறவைக்குப் போவதையும் ராஸ் நிறுவினார். 1902இல் நோபல் பரிசு கிடைத்தது. பள்ளிப் பாடத்தில் அவர் கதை இத்துடன் முடிந்துவிடும். அப்போது அவருக்கு வயது 45. அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அந்தக் காலத்தில் அவர் பெரிதும் ஈடுபட்டது கணக்கில். கொசு எவ்வளவு தூரம் பறக்கிறது, யாரைக் கடிக்கிறது, எத்தனை நாள் உயிரோடு இருக்கிறது என்பவற்றைச் சமன்பாட்டில் எழுதி, ஓர் ஊரில் மலேரியா நிலைக்குமா மறையுமா என்று கேட்டார். விலங்கின் நடத்தையையும் நோயின் பரவலையும் ஒரே கணக்கில் சேர்க்கும் துறைக்கு அதுவே கால்கோள். நான் இங்கே நிறுவ விரும்புவது ஒன்றுதான். ஒரு நோயை அடக்க அதைச் சுமக்கும் உயிரினத்தைப் பூண்டோடு ஒழிக்க வேண்டியதில்லை. அதன் நடத்தையில் எந்தப் பகுதி நோய்க்கு மிகுதியாக உதவுகிறதோ, அங்கே கை வைத்தால் போதும். அந்த இடம் எது என்பது வெறும் கண்ணுக்குத் தெரியாது. கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ராஸ் 1857இல் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்தவர். 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். மருத்துவத்தில் அன்று அவருக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. கவிதை எழுதினார், நாவல் எழுதினார், ஓய்வு நேரத்தில் ஆசிரியர் துணையின்றித் தாமே உயர்கணிதம் படித்தார். மலேரியாவை அவர் தலையில் ஏற்றிவைத்தவர் லண்டனில் இருந்த மருத்துவர் பாட்ரிக் மேன்சன். 1894இல் விடுப்பில் போயிருந்த ராஸுக்கு, பிரெஞ்சு மருத்துவர் லாவரான் 1880இல் கண்டறிந்த கிருமியை உருப்பெருக்கியில் காட்டி, இதைக் கொசு சுமக்கக்கூடும் என்று சொல்லி அனுப்பினார். திரும்பி வந்து ஆயிரக்கணக்கான கொசுக்களை அறுத்தும் எதிலும் கிருமி அகப்படவில்லை. அவர் அறுத்தவை வேறு இனக் கொசுக்கள். 1897இன் முற்பகுதியில் ஊட்டிக்கு அருகே சீகூர் மலைப்பாதையில் தங்கியிருந்தபோது, சுவரில் வேறு மாதிரியாக உட்கார்ந்திருந்த ஒரு கொசுவைக் கவனித்தார். மற்றக் கொசுக்கள் உடலைச் சுவருக்கு இணையாக வைத்து அமர, இது வால் பகுதியைத் தூக்கிச் சாய்வாக அமர்ந்திருந்தது. சிறகில் புள்ளிகள் இருந்தன. சில மாதங்கள் கழித்துச் செகந்தராபாத்தில் கிருமியைக் கொடுத்தது இதே புள்ளிச் சிறகுக் கூட்டம்தான். இன்று அதை அனோபிலிஸ் என்கிறோம். ஒரு பூச்சி உட்காரும் விதமே முதல் தடயமாக அமைந்தது என்பதைக் கவனியுங்கள். நடத்தையிலிருந்து கணக்குக்குப் போகும் அவருடைய பாதை நம் நீலகிரியில்தான் தொடங்கியது.

1899இல் அவர் இந்தியாவை விட்டு லிவர்பூல் போனார். கணக்கின் பக்கம் அவரைத் தள்ளியது ஒரு தோல்வி. கொசு உற்பத்தியாகும் நீர்நிலைகளை அகற்றினால் மலேரியா குறையும் என்று அவர் சொன்னதைச் சோதிக்க, லாகூருக்கு அருகே மியான் மீர் ராணுவக் குடியிருப்பில் 1902 முதல் ஒரு முயற்சி நடந்தது. குட்டைகளை மூடினார்கள், வாய்க்கால்களைச் சீரமைத்தார்கள். ஆனால் கொசு வந்துகொண்டேதான் இருந்தது. இந்தத் திட்டம் பயனற்றது என்று அதிகாரிகள் அறிக்கை எழுதினார்கள். அவர்கள் சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, ஓரிடத்தில் கொசுவை ஒழித்தால் சுற்றுவட்டாரத்துக் கொசு வந்து அந்த இடத்தை நிரப்பிவிடும். மற்றொன்று, கடைசிக் கொசு வரை ஒழிக்க எந்த அரசாங்கத்தாலும் முடியாது, மிச்சமிருப்பவை நோயைப் பரப்பப் போதும். இரண்டும் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றன. புகைமருந்து வண்டி தெருவைக் கடந்து போனதும் நம் ஊர்த் திண்ணையிலும் இன்று இதே பேச்சுதான். இந்த இரண்டு காரணங்களுக்கும் ராஸ் கணிதத்தில் விடை தேடினார். அந்த விடைகளைத்தான் அவருடைய இரண்டாவது கண்டுபிடிப்பு என்கிறேன்.

முதல் காரணத்துக்கு 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் நடந்த மாநாட்டில் பதில் சொன்னார். பிறந்த குட்டையிலிருந்து கொசு இரைக்காகவும் முட்டையிடவும் பறக்கிறது. ஒவ்வொரு தடவையும் எந்தத் திசையில் போகும் என்று சொல்ல முடியாது. ஒரு தடவைக்கு 50 மீட்டர் வீதம் 100 தடவை பறக்கிறது என்று வையுங்கள். நேர்கோட்டில் போனால் 5,000 மீட்டர் போய்ச் சேரும். திசை ஒவ்வொரு தடவையும் மாறுவதால் போன வழியிலேயே திரும்பவும் வரும். இப்படித் திசை தெரியாமல் போகும் பயணத்தில் தொடங்கிய இடத்திலிருந்து விலகும் தூரம், தடவைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வளராமல் அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வளரும். நூறின் வர்க்கமூலம் பத்து. ஆகவே அந்தக் கொசு சராசரியாக 500 மீட்டருக்குள்தான் நிற்கும். துப்புரவு செய்த பகுதியின் விளிம்பில் வெளிக்கொசு வரும், நடுவே போகப் போகக் குறையும். மியான் மீரில் சுத்தம் செய்த வட்டம் சிறியதாக இருந்ததால், அதன் எல்லா இடமும் விளிம்பாகவே இருந்தது. வட்டத்தைப் பெரிதாக்கியிருந்தால் நடுப்பகுதி தப்பியிருக்கும். கார்ல் பியர்சன் என்ற புள்ளியியல் அறிஞரிடம் இந்தச் சிக்கலை ராஸ் கொண்டுபோக, பியர்சன் 1905இல் 'நேச்சர்' இதழில் இதைப் பொதுக் கேள்வியாக வெளியிட்டார். தற்போக்கு நடை என்ற கணிதப் பிரிவுக்குப் பெயர் வந்தது அந்தக் கடிதத்தால்தான். அணுக்களின் அசைவு முதல் பங்குச் சந்தை வரை இன்று பயன்படும் அந்தக் கணிதத்தின் பிறப்பில் ஒரு கொசுவுக்கும் பங்கு உண்டு.

இரண்டாவது காரணத்துக்கான பதில் 1908இல் மொரிஷியஸ் தீவைப் பற்றிய அறிக்கையிலும், 1910இல் வெளிவந்த மலேரியாத் தடுப்பு நூலிலும் இருக்கிறது. ஊரில் இருக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையைக் கண்மாய்த் தண்ணீராக எண்ணிக்கொள்ளுங்கள். புதிதாக நோய்ப்படுவோர் வரத்து, குணமாகி வெளியேறுவோர் மடைவழிப் போக்கு. வரத்து போக்கைவிடக் கூடுதலாக இருந்தால் நீர்மட்டம் ஏறும். குறைவாக இருந்தால் வரத்து முழுதாக நிற்காமலேயே கண்மாய் ஒருநாள் வற்றும். ஒவ்வோர் ஊரிலும் தலைக்கு இத்தனை கொசு என்று ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழே கொசு இருந்தாலும் மலேரியா நிலைக்காது. கொசு ஒழிப்பை முழுவதும் ஒழி, இல்லையேல் விட்டுவிடு என்ற வழக்கிலிருந்து விடுவித்த முடிவு இது. கொசுக்கடியே இல்லாத ஊரை அதிகாரிகள் தேடினார்கள், ராஸ் தேடியது வரம்புக்குக் கீழே இறங்கிய ஊரை.

இந்தச் சமன்பாட்டின் உள்ளே இறங்கிப் பார்த்தால்தான் நடத்தையின் எடை தெரியும். மலேரியா பரவ ஒரு கொசு இரண்டு முறை மனிதனைக் கடிக்க வேண்டும், ஒருமுறை கிருமியை வாங்க, மறுமுறை கொடுக்க. ஆகவே மனிதனைக் கடிக்கும் வாய்ப்பு கணக்கில் தன்னோடு தானே பெருக்கப்பட்டு வர்க்கமாக வருகிறது. கொசு எண்ணிக்கையைப் பாதியாக்கினால் பரவல் பாதியாகும். கொசுவை ஒன்றுகூடக் கொல்லாமல் கடியில் பாதியை மனிதனிடமிருந்து விலக்கினாலே பரவல் கால்பங்காகும். கொசுவலைக்கு உள்ள கணிதப் பெருமை இதுதான். 1950களில் மலேரியா ஆய்வாளர் ஜார்ஜ் மெக்டொனால்டு இன்னொரு கதவைத் திறந்தார். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் முதிரச் சுமார் பத்து நாள் ஆகும். கொசுக்களில் நாளொன்றுக்குப் பத்தில் ஒன்று சாகும் என்றால் நூறில் 35 கொசு பத்து நாள் தாண்டும். பத்தில் இரண்டு சாகும்படி செய்தால் நூறில் 11தான் தாண்டும். தாண்டியவையும் முன்பு வாழ்ந்ததில் பாதி நாள்தான் அதன்பின் வாழும். இரண்டையும் சேர்த்துப் பெருக்கினால் பரவல் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். வயதான கொசுவே ஆபத்தான கொசு. ரத்தம் குடித்தபின் வீட்டுச் சுவரில் ஓய்வெடுக்கும் பழக்கம் அதற்கு இருப்பதால், அந்தச் சுவரில் மருந்தடிக்கும் முறை உலகெங்கும் வந்தது. அதற்கான முழுமையான கணிதக் காரணத்தைச் சொன்னவர் மெக்டொனால்டு.

கணக்கு உள்ளபடியே ஓர் இந்தியக் கிராமத்தில் என்ன கண்டுபிடித்தது என்பதற்கு ஒரு சான்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ராஸின் தூண்டுதலால் கணிதத்துக்கு வந்தவர் ஆண்டர்சன் மெக்கென்ட்ரிக் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். இவரும் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், கசௌலி பாஸ்டர் நிலையத்தின் இயக்குநர். நோயுற்று 1920இல் எடின்பரோ திரும்பினார். 1926இல் வெளியிட்ட கட்டுரையில் ஓர் இந்தியக் கிராமத்தின் காலராக் கணக்கை எடுத்துக்கொண்டார். ஊரில் 223 வீடுகள். 168 வீட்டில் யாருக்கும் காலரா இல்லை. 32 வீட்டில் ஒருவருக்கு, 16 வீட்டில் இருவருக்கு, 6 வீட்டில் மூவருக்கு, ஒரு வீட்டில் நால்வருக்கு. மொத்தம் 86 நோயாளிகள். எல்லா வீட்டுக்கும் ஆபத்து சமம் என்று கொண்டு நிகழ்தகவுக் கணக்குப் போட்டால், ஒரு நோயாளி மட்டும் உள்ள வீடுகள் 58 இருக்க வேண்டும், மூன்றோ அதற்கு மேலோ உள்ள வீடு ஒன்று அல்லது இரண்டு. ஊரில் இருந்ததோ முதல்வகையில் 32, இரண்டாம் வகையில் 7. ஆகவே ஆபத்து எல்லா வீட்டுக்கும் சமமாக இல்லை. நோய் கண்ட வீடுகளை மட்டும் வைத்து மெக்கென்ட்ரிக் திருப்பிக் கணக்கிட்டார். உண்மையில் ஆபத்துக்கு உள்ளான வீடுகள் சுமார் 93 என்று வந்தது. அந்த 93 வீட்டில் ஒருவர், இருவர், மூவர், நால்வர் என்று நோய்ப்பட வேண்டிய வீடுகள் முறையே 34, 16, 5, 1. கண்டவை 32, 16, 6, 1. மிச்சமுள்ள 130 வீட்டுக்கும் கிருமிக்கும் தொடர்பே இல்லை. ஊரில் கிணறுகள் பல இருக்க வேண்டும், அந்த 93 வீட்டாரும் குடித்த ஒரு கிணறுதான் கெட்டிருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார். ஊரில் விசாரித்தபோது அதுவே உண்மை என்று தெரிந்ததாக எழுதியிருக்கிறார். எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுப்பது என்ற மனித நடத்தை, காகிதத்தில் இருந்த ஐந்து எண்களுக்குள் ஒளிந்திருந்தது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். கணக்கு ஊருக்கு ஒத்துப்போகிறதே தவிர உண்மையைச் சொல்கிறதா என்பது முதல் கேள்வி. இதில் நியாயம் உண்டு, அதற்குச் சான்று மெக்கென்ட்ரிக்கே. 1927இல் அவரும், ஆய்வக விபத்தில் பார்வையிழந்த வேதியியலாளர் கெர்மாக்கும் சேர்ந்து, கொள்ளைநோய் எப்படி ஏறி இறங்குகிறது என்பதற்கு ஒரு சமன்பாடு எழுதினார்கள். கொரோனாக் காலத்தில் தொலைக்காட்சியில் பார்த்த மலைபோன்ற வளைகோடுகளுக்கெல்லாம் மூலம் அதுதான். தங்கள் கோட்டைச் சோதிக்க அவர்கள் எடுத்தது 1905, 1906இல் பம்பாயில் பிளேக் நோயால் இறந்தோர் கணக்கு. கோடு மிக அழகாகப் பொருந்தியது. ஆனால் பிளேக் மனிதனிடமிருந்து மனிதனுக்கு நேராகப் பரவியதன்று, எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியே வந்தது. எலி செத்ததும் அதன் மேலிருந்த தெள்ளு வேறு ரத்தம் தேடி மனிதன்மேல் ஏறும். தெள்ளு பெருகுவதும் குறைவதும் பருவகாலத்தைப் பொறுத்தது. சமன்பாட்டில் எலியும் இல்லை, தெள்ளும் இல்லை, பருவமும் இல்லை. பின்னாளில் கணிதவியலாளர்கள் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். எனவே கோடு பொருந்துவதை மட்டும் உண்மைக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. இந்தக் குறையை ஒப்புக்கொள்வதால் என் வாதம் பலப்படுகிறதே ஒழியக் குலையவில்லை. காலராக் கிராமத்தில் கணக்கு ஒரு கிணற்றைச் சுட்டியது. போய்ப் பார்த்துச் சரியா தவறா என்று சொல்ல முடிந்தது. பம்பாய்க் கோடு போய்ப் பார்க்கும்படி எதையும் சுட்டவில்லை. நடத்தையை உள்ளே வைத்த கணக்குக்கும், அதை விட்டுவிட்ட கணக்குக்கும் உள்ள வேறுபாடு அது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடுமையானது. கணக்கை நம்பிப் போன இடத்தில் ஏமாந்தோமே என்கிறார்கள். சுதந்திரம் வாங்கியபோது இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா. 1953இல் கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958இல் ஒழிப்புத் திட்டமும் வந்தன. டி.டி.டி. அடித்து, 1965 வாக்கில் நோயாளிகள் ஒரு லட்சம் அளவுக்குக் குறைந்தார்கள். 1976இல் அது 64 லட்சத்தைத் தாண்டித் திரும்பி வந்தது. கொசு டி.டி.டி.க்குத் தாக்குப்பிடிக்கப் பழகிவிட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது, சென்னை போன்ற நகரங்களில் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் முட்டையிடும் அனோபிலிஸ் ஸ்டிஃபென்சி பெருகியது. கொரோனாவிலும் இதைப் பார்த்தோம். மத்திய அரசு அமைத்த கணித வல்லுநர் குழு, 2021 பிப்ரவரிக்குள் நோய் அடங்கிவிடும் என்று 2020 அக்டோபரில் சொன்னது. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் மட்டும் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று உறுதியானது. இவை உண்மையான தோல்விகள், மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தோற்றது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மெக்டொனால்டின் சமன்பாடு கொசுவின் ஆயுள் குறைந்தால் பரவல் குறையும் என்றது. டி.டி.டி.யால் ஆயுள் குறையாமல் போனபோது பரவல் ஏறியது. சமன்பாடு சொன்னபடியே நடந்தது, சமன்பாட்டுக்குள் போட்ட எண்ணை நாம் மறுபடி அளக்கவில்லை. கொரோனாவில் நேற்றைய கோட்டை நாளைக்கு நீட்டினார்கள். டெல்டா என்ற உருமாறிய வகை வந்ததும் மக்கள் கூடத் தொடங்கியதும் கோட்டில் இல்லை. ஆருடம் சொல்வதற்குக் கணக்கைப் பயன்படுத்தினால் அது ஜோசியத்தைப் போலத்தான் பொய்க்கும். எதை மாற்றினால் எது எவ்வளவு மாறும் என்று கேட்டால் அது பயன்படும். ராஸ் கேட்டது இரண்டாவது கேள்வியைத்தான்.

மூன்றாவது மறுப்பை ஊர்ப்பெரியவர்கள் சொல்வார்கள். சுத்தமாக இருந்தால் நோய் வராது, இதற்கு எதற்குச் சமன்பாடு என்பார்கள். பொது அறிவு வழிகாட்டும் இடங்கள் உண்டு, அது நேர் எதிர்த்திசையில் தள்ளும் இடங்களும் உண்டு. தெருநாயை எடுத்துக்கொள்வோம். வெறிநாய்க்கடி பெருகினால் நாய்களைக் குறைக்க வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். தான்சானியா முதலிய நாடுகளில் வெறி பிடித்த நாய்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து ஆராய்ந்த கணிதக் குழுக்கள் கண்டது வேறு. வெறி பிடித்த ஒரு நாய் சாவதற்குள் சராசரியாக ஒன்றிலிருந்து இரண்டு நாய்களுக்குள்தான் நோயைக் கொடுக்கிறது. ஊரில் நாய் அடர்த்தி கூடினாலும் குறைந்தாலும் இந்த எண் பெரிதாக மாறவில்லை, ஏனென்றால் வெறி பிடித்த நாய் ஓடித் தேடிக் கடிக்கிறது. அடர்த்தியைச் சாராத நோயை அடர்த்தியைக் குறைத்து நிறுத்த முடியாது. தடுப்பூசி போட்ட நாயையும் சேர்த்துக் கொன்றால் நிலைமை மோசமாகும். ஒன்றரை நாய்க்குப் பரவுகிறது என்றால், மூன்றில் ஒரு பங்கு நாய்க்குத் தடுப்பூசி இருந்தாலே பரவல் வரம்புக்குக் கீழே போய்விடும். குட்டிகள் பிறப்பதாலும் நாய்கள் சாவதாலும் அந்தப் பங்கு மாதாமாதம் கரைகிறது. எனவே ஒவ்வோராண்டும் 70 விழுக்காடு நாய்களுக்குப் போட வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் இலக்கு வைத்திருக்கிறது. கோவா மாநிலம் இந்த வழியில் போய், மனித ரேபிஸ் மரணத்தைப் பெருமளவு குறைத்திருக்கிறது. நாய்த்தொல்லையும் சாலை விபத்தும் தனிப்பிரச்சினைகள், அவற்றுக்குக் கருத்தடை முதலிய வழிகள் வேண்டும். அவற்றை ரேபிஸோடு குழப்பிக்கொண்டால் இரண்டுக்கும் தீர்வு வராது. இங்கே பொது அறிவு உயிரினத்தை ஒழிக்கச் சொன்னது, கணக்கு அதன் கடியை மட்டும் நஞ்சற்றதாக்கச் சொன்னது.

கணக்கு தமிழ் மண்ணுக்கு உதவிய இன்னொரு இடம் புதுச்சேரி. 1975இல் அங்கே தொடங்கிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆய்வு மையம், யானைக்கால் நோயைப் பல்லாண்டுகள் தொடர்ந்து பின்பற்றியது. அந்த மையத்தின் அறிவியலாளர்கள் நெதர்லாந்தின் எராஸ்மஸ் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து உருவாக்கிய கணினி மாதிரிக்குப் புதுச்சேரித் தரவுகளே அடிப்படை. யானைக்கால் புழு கொசுவின் உடலில் பெருகாது, உள்ளே போன அளவுக்கு மேல் வெளியே வராது. ஒரு மனிதனுக்கு நோய் நிலைக்க ஏராளமான கடி வேண்டும். ஆகவே மக்கள் எல்லோரும் ஆண்டுக்கொருமுறை மாத்திரை சாப்பிட்டால் நோய் வரம்புக்குக் கீழே போகும். எத்தனை ஆண்டு என்பதுதான் கேள்வி. மாத்திரை வாங்கி விழுங்குவோர் பங்கு குறையக் குறைய, தேவையான ஆண்டுகள் கூடும் என்று மாதிரி காட்டியது. சுகாதாரச் செவிலியர் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல், நின்று விழுங்கச் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். கீரமங்கலம் தென்னையும் பலாவும் பூந்தோட்டமும் நிறைந்த பூமி. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்தபின் ஊரெங்கும் கிடந்த மட்டையும் கொட்டாங்கச்சியும் இன்னும் பலருக்கு நினைவிருக்கும். மழைக்காலத்தில் டெங்குப் பேச்சு எழுந்தால் முதலில் குறை சொல்லப்படுவது கொட்டாங்கச்சி. அடுத்தது புகைமருந்து அடிக்கவில்லை என்ற புகார். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் நடத்தையைக் கணக்கில் வைத்துப் பாருங்கள். அது பகலில் கடிக்கும், வீட்டுக்குள் துணிமறைவில் ஓய்வெடுக்கும், ஒரு வேளை ரத்தத்துக்குப் பலரைக் கடிக்கும். தெருவில் அடிக்கும் புகை அதன்மேல் படுவது குறைவு. முட்டையை ஒரே இடத்தில் போடாமல் பல பாத்திரங்களில் பிரித்துப் போடும், ஈரம் காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் கெடாது. 1990களில் டேனா ஃபோக்ஸ் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் ஏடிஸுக்கு ஒரு கணித மாதிரி எழுதினார். அதில் கொசுப்புழுவைவிட, அதன் அடுத்த நிலையான கூட்டுப்புழுவுக்கு முக்கிய இடம் கொடுத்தார். புழுவில் பெரும்பகுதி இரையின்றிச் செத்துவிடும், கூட்டுப்புழுவில் பெரும்பகுதி கொசுவாகும். கூட்டுப்புழுவை எண்ணிப் பார்த்த ஊர்களில் எல்லாம், சில வகைப் பாத்திரங்களே பெரும்பாலான கொசுவைக் கொடுத்தன. நூறு கொட்டாங்கச்சியில் புழு இருக்கலாம், கொசு அனைத்தும் மூடாத நான்கு பிளாஸ்டிக் டிரம்மிலிருந்து வரலாம். அல்லது நேர்மாறாகவும் இருக்கலாம். இந்த ஊரில் எது என்பதை வெளியூர்க்காரர் எவரும் சொல்ல முடியாது. பேரூராட்சிப் பணியாளர் எங்கே அபேட் என்ற கொசுப்புழு மருந்தை ஊற்ற வேண்டும் என்பதை, இங்கே கூட்டுப்புழுவை எண்ணிப் பெறும் கணக்குதான் தீர்மானிக்க வேண்டும்.

ஒரு சந்தேகம் எழலாம். இவ்வளவையும் செய்ய அறிவியலாளர் வேண்டாமா, பெரிய கணினி வேண்டாமா என்று. ராஸிடம் கணினி இல்லை. மெக்கென்ட்ரிக்கிடம் இருந்தது ஐந்து எண்களும் ஒரு பென்சிலும். எது இல்லாவிட்டால் அவரால் ஒன்றும் செய்திருக்க முடியாதோ, அது வீட்டுக்கு வீடு போய் இந்த வீட்டில் எத்தனை பேர் என்று யாரோ எழுதிவைத்த அந்தப் பட்டியல். மொத்தம் 86 பேர் என்று மட்டும் எழுதி மேலே அனுப்பியிருந்தால் கிணறு அகப்பட்டிருக்காது. நம் கணக்கெல்லாம் இன்று மொத்தத்தில்தான் நிற்கிறது. மாவட்டத்தில் இத்தனை டெங்கு, இத்தனை நாய்க்கடி என்று செய்தித்தாளில் வருகிறது. எந்தத் தெரு, எந்த வீடு, எந்தப் பாத்திரம் என்பது வருவதில்லை.

எனவே இந்த அவையில் இருக்கும் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வருகிற ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் தெருவில் உள்ள வீடுகளுக்குப் போங்கள். தண்ணீர் தேங்கிய ஒவ்வொரு வகைப் பாத்திரத்திலும் கூட்டுப்புழு எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். காய்ச்சல் கண்ட வீட்டில் எத்தனை பேருக்கு என்று, ஒருவருக்கும் இல்லாத வீட்டையும் விடாமல் குறியுங்கள். நாய்களில் தடுப்பூசி போட்டவை எத்தனை என்று எண்ணுங்கள். பெயரை எழுத வேண்டாம், எண்ணிக்கை போதும். பத்தாம் வகுப்பு நிகழ்தகவும் ஒரு குயர் நோட்டும் இதற்குப் போதுமானவை. எழுதியதைப் பேரூராட்சியிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திடமும் கொடுங்கள், மருந்தையும் ஆளையும் எங்கே அனுப்ப வேண்டும் என்று அந்த நோட்டைக் காட்டிக் கேளுங்கள்.